ஆஸ்பத்திரி முனையில் இரட்டைத் தட்டு

வில்ஃப் ஆக்டனால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. மேசைக்கு அடியில் கால் ஆடும், மேசைமேல் விரல் தாளம் போடும், தேநீர்க் கோப்பை சாஸரில் கிடந்து கிடுகிடுக்கும். கல்யாணமான முதல் மாதமே அவன் மனைவி எட்னா, சாப்பிட்டு முடித்ததும் கரண்டிகளை அள்ளி இழுப்பறையில் போட்டு மூடப் பழகிக்கொண்டாள். மூடி என்ன பயன்? விரல் பத்தும் அவனிடமே இருந்தன.

பிறவிக் கோளாறுதான். ஆறு வயதில் விட்சன் பண்டிகை ஊர்வலம் பார்க்க அம்மா கூட்டிப்போனாள். பட்டாளத்து பேண்டு ஒன்று முழங்கிக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டுக்காரியோடு ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால் பையனைக் காணோம். சாயங்காலம் அடுத்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டிருந்தான்.

"எதுக்குடா போனே?" என்று அம்மா காதைத் திருகினாள்.

"நான் போகலைம்மா, கால்தான் போச்சு."

அதற்கு இன்னொரு திருகு விழுந்தது. ஆனால் பையன் சொன்னது பொய்யில்லை. வளர்ந்த பிறகும் அந்தக் கால்தான் அவனை ஆட்டிவைத்தது. பால் வண்டி, சாயப்பட்டறை, தபாலாபீஸ், நிலக்கரிக் கிடங்கு என்று போன இடத்திலெல்லாம் முதலாளி ஒரு வருஷத்துக்குள் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். கடைசியில் நகராட்சி பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. பஸ்தான் நிற்காமல் ஓடுமே, அதனால் ஒட்டிக்கொண்டான்.

ஓடாத நேரத்துக்கு பேண்டு இருந்தது. ஹாக்கன்ஷா ஊர்ப் பட்டாளத்தின் பகுதிநேர பேண்டில் பெரிய டிரம் அவனுடையது. சிவப்புக் கோட்டு, அதன்மேல் சிறுத்தைத் தோல், வயிற்றுக்கு முன்னால் வண்டிச் சக்கரம் அளவுக்கு டிரம். எதிரே வருகிறவர்களுக்கு அவன் முகமே தெரியாது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் கிடையாது. நிலைகொள்ளாத மனுஷனுக்கு எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று பேண்டு சொல்லிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம் காலும் மனசும் ஒன்றையொன்று பிறாண்டாமல் சேர்ந்து போகும். இது வில்ஃபுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். பட்டாளத்தையும் அரசாங்கத்தையும் நாள் பூராவும் திட்டுகிற எங்கள் மதுக்கடைக்காரர்கூட, டிரம் சத்தம் கேட்டால் கையில் துடைக்கிற துணியோடு வாசலுக்கு ஓடி வருவார். யாராவது பார்த்துவிட்டால், காற்று வாங்க வந்தேன் என்பார்.

எட்னாவின் கதை வேறு. பதினைந்து வயதில் நெசவாலைக்குப் போனவள். தறிகளின் இரைச்சலில் அங்கே எவளுக்கும் காது மிஞ்சாது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு சனிக்கிழமை நடன மண்டபத்தில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வில்ஃப் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவள் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"அங்க என்ன பாட்டு வாசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியல. நீ தட்டறது மட்டும் தெரியுது. நிறுத்தாதே" என்றாள்.

வில்ஃப் அன்றைக்கே விழுந்தான்.

விழுந்தானே ஒழிய, பக்கத்தில் இருந்தானா என்றால் இல்லை. தேனிலவுக்கு மோர்காம் கடற்கரைக்குப் போன இடத்தில் ஏதோ ஒரு பேண்டு போயிற்று. தன் ஐஸ்கிரீமையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று போனவன், இரண்டும் உருகி முழங்கைவரை வழிந்த பிறகுதான் வந்தான். மகள் பிறந்த நேரத்தில் வேறு ஊரில் அணிவகுப்பு. எட்னா இதையெல்லாம் மறக்கவுமில்லை, அடிக்கடி எடுத்துப் பேசவுமில்லை.

அந்த வருஷம் வசந்தத்தில் எட்னாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. வருஷக்கணக்கில் பஞ்சுத் தூசியை விழுங்கின நெஞ்சு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாரங்கள் போயின, வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. வில்ஃபும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது எட்னா கேட்டாள்:

"சனிக்கிழமைதானே உங்க ஊர்வலம்?"

"ஆமா."

"இந்த வாசல் வழியாத்தானே போவீங்க?"

"இந்த வழியாத்தான். ஆனா இங்க வந்ததும் நிறுத்திடுவோம். உனக்குத் தெரியாததா?"

அது வழக்கம். வருஷத்துக்கு ஒரு நாள் பட்டாளம் துப்பாக்கி முனையில் ஈட்டி மாட்டி, கொடி பிடித்து, பேண்டு முழங்க ஊருக்குள் போகலாம் என்று நகரசபை எந்தக் காலத்திலோ உரிமை கொடுத்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வாத்தியம் கிடையாது. முன்னால் போகிற டிரம் மேஜர் வெள்ளிப்பூண் தடியை உயர்த்துவார். ஊதுகிறவர்கள் அதைப் பார்த்து நிறுத்துவதில்லை. பெரிய டிரம் அடுத்தடுத்து இரண்டு தட்டுத் தட்டும், அதைக் கேட்டுத்தான் நிறுத்துவார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மதில் முடியும்வரை சின்ன டிரம்மின் ஒற்றைத் தட்டும் பூட்ஸ் சத்தமும்தான். வில்ஃப் பஸ்ஸில் இரண்டு மணி அடித்தால் வண்டி புறப்படும், பேண்டில் இரண்டு தட்டினால் பாட்டு நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் இரண்டையும் அவன் மாற்றிச் செய்ததில்லை.

"அந்த ரெண்டு தட்டு தட்டறது யாரு?" என்றாள் எட்னா.

"நான்தான்."

"தட்டாதே."

காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் திருமதி ஷூட்டில்வொர்த், "அப்படிச் சொல்லு, எட்னா!" என்று கைதட்டினாள்.

"என்ன விளையாடறியா? என்னை பேண்டை விட்டே தூக்கிடுவாங்க."

"வில்ஃப், இங்க பாரு." எட்னா குரலைத் தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டு பேசினாள். "இந்த நர்ஸுங்க பூனை மாதிரி நடக்கறாளுங்க. எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாளுங்க. காலைலேர்ந்து ராத்திரிவரை எனக்கு ஒண்ணுமே கேக்கறதில்ல. நான் இருக்கேனா, போயிட்டேனான்னே சில நாள் தெரியல. உன் டிரம் ஒண்ணுதான் எனக்கு இங்க கேக்கும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை நிறுத்தாம போ."

"சரி. தட்டல."

சொல்லிவிட்டானே தவிர, அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை பஸ்ஸில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை டிக்கெட் கிழித்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் டிரம் மேஜர் ஹார்கிரீவ்ஸின் கடைக்குப் போய், வாசலில் முன்னும் பின்னும் நடந்து, ஒருவழியாக உள்ளே நுழைந்தான். ஹார்கிரீவ்ஸ் தொழிலில் சவப்பெட்டிக் கடைக்காரர். ஊரில் அவரைப்போல அளந்து நடக்க ஆள் கிடையாது.

"ஒருத்திக்காக மத்த நோயாளிங்க எல்லாரையும் கட்டில்லேர்ந்து தூக்கிப் போடச் சொல்றியா, ஆக்டன்?"

"காது கேக்காம படுத்திருக்கா சார். வேற எதுவும் கேட்டதில்ல அவ."

ஹார்கிரீவ்ஸ் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல வாத்தியம் கிடையாது. எங்கப்பா தடி பிடிச்ச காலத்துலயும் கிடையாது. நீ தட்டலேன்னா, திங்கக்கிழமை சிறுத்தைத் தோலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடு."

சனிக்கிழமை நல்ல வெயில். ஹாக்கன்ஷாவில் அதுவே அதிசயம். சந்தைத் தெரு, பாலம், ரொட்டிக்கடை என்று கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கியது. மற்ற வருஷமானால் முதல் அடியிலேயே வில்ஃபின் மனசு அடங்கியிருக்கும். அன்றைக்கு அடங்கவில்லை. தட்டப் போவதில்லை, தோல் போனால் போகட்டும் என்று ஒரு அடி. டிரம் அடித்த இருபத்தெட்டு வருஷம் போய்விடுமே என்று ஒரு அடி. பாலம் தாண்டும்போது முடிவு கட்டிவிட்டான். தட்டப் போவதில்லை, அவ்வளவுதான்.

மதில் வந்தது. தடி உயர்ந்தது. பாட்டின் அடி முடிகிற இடத்தில் அவன் கை தானாக எழுந்து இரண்டு தட்டுத் தட்டியது.

பேண்டு நின்றது. தட்டியது தன் கைதான் என்று வில்ஃபுக்குப் புரியவே நேரம் பிடித்தது. டிரம்மின் ஓரமாக எட்டிப் பார்த்தான். மாடியில் ஜன்னல் திறந்திருந்தது, கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குமேல் பார்க்கத் துணிவில்லை. அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது.

நகரசபையில் மேயர் சல்யூட் வாங்கினார், சொற்பொழிவு ஆற்றினார், பிறகு எல்லோருக்கும் இறைச்சிப் பணியாரமும் பீரும் கொடுத்தார்கள். வில்ஃபுக்கு ஒரு விள்ளல்கூட இறங்கவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பக்கத்தில் பெரிய ஜால்ரா அடிக்கிற ரெஜ் பிக்கப் இரண்டாவது பணியாரத்தில் மும்முரமாக இருந்தான். ஊரில் கசாப்புக் கடை வைத்திருப்பவன், தின்னும்போது யாரையும் கவனிக்க மாட்டான்.

"ரெஜ், டிரம்மைப் பாத்துக்கோ."

"எங்கடா போறே? இன்னும் கொஞ்ச நேரத்துல வந்த வழியே திரும்பி நடக்கணும்."

"எட்னாவைப் பாத்துட்டு வந்துடறேன்."

"வராட்டா?"

"வராட்டா நீ அடி."

"நானா? எனக்கு ஜால்ராவை விட்டா என்னடா தெரியும்?"

"இடது கால் விழுதுல்ல, அப்பல்லாம் அடி. அவ்வளவுதான் அதுல வித்தை."

சிவப்புக் கோட்டும் சிறுத்தைத் தோலுமாக மலைச்சரிவுத் தெருவில் அவன் ஓடியதை ஊரே பார்த்தது. வார்டு வாசலில் சிஸ்டர் மறித்தாள்.

"மிஸ்டர் ஆக்டன், மிருகங்களை உள்ள விடறதில்ல."

"ஒரே நிமிஷம், சிஸ்டர்."

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் விலகி நின்றாள்.

எட்னா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டான். திரும்பி அவன் உதட்டைப் பார்த்தாள்.

"கை தானா தட்டிடுச்சு, எட்னா. சத்தியமா நான் தட்டல."

"எல்லாரையும் எழுப்பி உக்கார வச்சேன்" என்றாள் அவள். கோபத்தில் மூச்சு வாங்கியது. "ஷூட்டில்வொர்த் பல்செட்டெல்லாம் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. நீ பாலத்துக்கிட்ட வந்தப்பவே எனக்கு நெஞ்சுல லேசாத் தெரிஞ்சுது. வருது, வருதுன்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணுமில்ல. பொம்மைங்க மாதிரி வாயை மூடிக்கிட்டு நடந்து போனீங்க."

சுவரில் கடிகாரம் தெரிந்தது. பேண்டு அணிவகுக்கிற நேரம். கால் ஆட ஆரம்பித்தது, இரும்புக் கட்டில் கூடவே அதிர்ந்தது.

"போகணுமா?" என்றாள்.

"திரும்பி நடக்கணும். டிரம் இல்லாம எப்படி..."

"போ. மோர்காம்ல ஐஸ்கிரீமைக் குடுத்துட்டுப் போனே. பிள்ளை பொறந்தப்ப போனே. உனக்குப் போகத்தானே தெரியும். ஊர்ல எல்லாப் பொம்பளையும் புருஷன் பக்கத்துல நின்னு பேண்டு பாக்கறா. எனக்கு ஒரு நாள்கூட அது வாய்க்கல."

வில்ஃப் எழுந்தான். கதவுவரை போனான். இங்கே இருந்தால் டிரம் போயிற்று. டிரம்முக்குப் போனால், அடுத்த சனிக்கிழமை இந்தக் கட்டிலில் இவள் இருப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. அந்த நினைப்பு அவனை உலுக்கியது. திரும்பி வந்து நாற்காலியை அவளுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான் இங்கயே இருக்கேன்."

"என்ன?"

உதட்டை நன்றாக அசைத்து இன்னொரு தரம் சொன்னான். எட்னா நம்பாமல் அவனையே பார்த்தாள்.

தூரத்தில் பேண்டு கிளம்பியது. ரெஜ் ஒவ்வொரு அடியையும் ஒரு மயிரிழை தாமதமாகப் போட்டான். தோலில் அடிக்கிறானா, கறி வெட்டுகிறானா என்று வில்ஃப் பல்லைக் கடித்தான். சத்தம் நகரசபையைத் தாண்டியது, மலைச்சரிவுத் தெருவுக்குள் திரும்பியது. இதோ மதில். இப்போது ஹார்கிரீவ்ஸ் தடியைத் தூக்கியிருப்பார். அடி முடியப்போகிறது. இப்போது தட்ட வேண்டும்.

ரெஜ் தட்டவில்லை.

பேண்டு அத்தனை வாத்தியத்தோடும் ஆஸ்பத்திரி வாசலில் முழங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி அதிர்ந்தது, மேசைமேல் தண்ணீர் டம்ளர் நகர்ந்தது. சிஸ்டர் ஓடி வந்தாள், பாதி வழியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள். வில்ஃப் ஜன்னலுக்குப் பாய்ந்தான். கீழே ஹார்கிரீவ்ஸ் திரும்பிப் பார்க்க வழியில்லாமல், முகம் கோட்டின் நிறத்தையும் மிஞ்சிச் சிவந்துபோய், தடியைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தார். ரெஜ் இரட்டைத் தட்டைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இடது காலுக்கு இடது கால் மாங்கு மாங்கென்று அடித்தான். அந்த இரண்டு தட்டைத் தான் அவனிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் வில்ஃபுக்கு உறைத்தது.

"தட்டுடா! ரெஜ், ரெண்டு தட்டுடா, கழுதை!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். கத்தும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன.

பின்னாலிருந்து யாரோ கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினான். எட்னா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை அவன் கோட்டில், இன்னொரு கை விரித்தபடி நெஞ்சில்.

"கத்தாதே, வில்ஃப். உக்காரு. எனக்குக் கேக்குது."