நிறைஞ்சிருக்கு

பேச்சிச்செல்விக்கு ஆறு மாதமாகக் கால் தரையில் படவில்லை. ஒரு சலவைத்தூள் கம்பெனிக்குத் தூத்துக்குடி வட்டார மார்க்கெட்டிங் மேனேஜர் என்றால் சும்மாவா? நிரந்தர மேனேஜர் அனிஷா பிரசவ விடுப்பில் போனதால் கிடைத்த தற்காலிக வேலைதான். ஆனால் கனவுக்கு அதெல்லாம் தெரியுமா? பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயிலில் மினுங்கும் உப்பளத்தைப் பார்த்தபடி கண் சொருகினால் போதும். கடற்கரை நெடுகக் கொடிகளில் வேட்டியும் பள்ளிக்கூடச் சட்டையும் வெள்ளை வெளேரென்று காற்றில் ஆடும். எல்லாம் அவள் விற்ற தூளில் துவைத்தவை. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் தூள் அது.

"கடற்கரைக் கடைகள்ல இது ஓடிட்டா, உங்களுக்கும் நிரந்தரமா இன்னொரு இடம் கேட்டுப் பாக்குறேன்" என்று சென்னை மேலாளர் சிவப்பிரகாஷ் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மிதந்துகொண்டிருந்தாள்.

வேலையின் கடைசி வாரம் சென்னையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பத்துநாலு கடைகளுக்குப் போன் போட்டார்களாம். எல்லாக் கடையிலும் சரக்கு நிறைந்து கிடக்கிறதாம். இனி அனுப்ப வேண்டாமாம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாளே கடற்கரை ஊரான பெரியதாழைக்குப் போனாள். சுடலைராஜ் அண்ணாச்சி கடையில் பாக்கெட் சரம் தொங்கிய இடத்தில் வெறும் கயிறு ஆடியது.

"அண்ணாச்சி, சென்னைக்காரங்க கேட்டதுக்கு என்ன சொன்னிய?"

"நெறஞ்சிருக்குன்னு சொன்னேன்."

"ஒரு பாக்கெட் கூடக் காணுமே!"

"ஏளா, வெள்ளிக்கெழம வெளக்கு வைக்குத நேரத்துல, கடையில இருந்துக்கிட்டு இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்? தீந்துபோனா நெறஞ்சிருக்குன்னுதான சொல்லணும். ஒங்கய்யா என்ன சொல்லுவாரு?"

ஓட்டப்பிடாரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவள் அப்பாவும் அதையேதான் சொல்வார். ஆறு மாத ஆபீஸ் வாசத்தில் கடைக்காரர் மகளுக்கே இது உறைக்காமல் போய்விட்டது! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நாலைந்து கடைகளுக்குப் போன் செய்து பார்த்தாள். எல்லா இடத்திலும் அதே கதை. உடனே சிவப்பிரகாஷைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதம்மா! புதன்கிழமை லோடு வந்துடும்."

"சார், அந்த இன்னொரு இடம்..."

"கேட்டேம்மா. ஒரு இடம்தான்னு சொல்லிட்டாங்க. அனிஷா திங்கக்கிழமை வந்துடுறாங்க. ஆங், அந்த வார்த்தைய ஃபைல்ல எழுதி வச்சிடுங்க. அவங்களுக்கு உதவும்."

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் வந்தது அவளுக்கு. அனிஷாவுக்குத் தெரியாமல் தனக்கு மட்டும் தெரிந்தது என்று இருந்ததே அது ஒன்றுதான். எழுதாமல் விட்டால் என்ன? நாளைக்கு அனிஷா திருதிருவென்று முழித்துக்கொண்டு தன்னைத் தேடி வரட்டுமே!

பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். கடல் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் மினுங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமையும் யாராவது போன் செய்வார்கள். அண்ணாச்சியும் இல்லை என்று சொல்லமாட்டார். எழுதாவிட்டால் சரக்கு வராது.

ஃபைலைத் திறந்து எழுதினாள்: 'கடைக்காரர் நிறைஞ்சிருக்கு என்றால், சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே அனுப்பவும்.'

இனி அவள் இல்லாமலே அந்தக் கடற்கரையில் வியாபாரம் நடக்கும்.