மூன்றாவது பிடி மண்

"நல்லா ஒடையறதா எடும்மா" என்று கேட்டு வளையல் வாங்குகிற ஆள், ஆலங்காயம் சந்தைக்கு வருகிறவர்களில் கோபால்சாமி ஒருவர்தான். சுற்றி நிற்கும் பெண்கள் கெட்டி வளையலாகத் தேடிப் பொறுக்கும்போது, இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் சுண்டுவார். "இது தடிச்சது, வாணாம்" என்று ஒதுக்குவார். மெல்லிய கண்ணாடியில், பச்சை நிறத்தில் இரண்டு டஜன் தேறுவதற்குள் சந்தை பாதி கலைந்துவிடும்.

"கடையில நின்னுகினு ஒடையற பேச்சு பேசாத அண்ணே. லேசானதுன்னு கேளேன்" என்பாள் வளையல்காரி சம்பூர்ணம். வருஷா வருஷம் சொல்கிறாள்.

"அண்ணிக்கா?" என்று பக்கத்தில் நிற்கும் புதுப்பெண் எவளாவது கேட்பாள்.

"இல்லம்மா. எனக்கு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார். சாமைக் கொல்லையில் களை கொத்திக் காய்த்த கை. கடையிலேயே பெரிய அளவு எதுவோ அது முட்டி வரைதான் போகும். சம்பூர்ணம் சோப்பு நுரையைத் தடவி, கட்டை விரலை உள்ளே மடக்கி, "கைய தளர வுடு... தளர வுடுன்றேன்" என்று அதட்டி ஏற்றுவாள். கோபால்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "புள்ள பெக்கறது இத்தோட சுளுவு போல" என்பார். "ஆமா, நாலு பெத்துட்டு வந்து பேசறாரு!" என்று அவள் சொல்ல, கடையே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். ஏறிய வளையல் கையோடு மணிக்கட்டை ஒரு தரம் திருப்பிச் சத்தம் கேட்பார். சத்தம் சரியாக இருந்தால்தான் துணிப்பையில் வைத்து ஜீப் ஏறுவார்.

நாற்பத்தெட்டு வயது. மலைமேல் நெல்லிவாசல் நாட்டில், நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு மேலே சரிவில் வீடு. சாமைக் கொல்லை, ஏழு புளியமரம், ஒரு ஜோடி மாடு, கோடையில் பாறைத்தேன். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் இதுதான் கோபால்சாமி. மீதி ஒரு நாள், சித்திரைத் திருவிழாவின் கடைசிக் காலையில் கோயில் எதிரே நடக்கும் ஆட்டத்தில், அவர் தேன்காரன் பெண்சாதி.

அதற்காக மீசையை எடுப்பார். வெயில் படாத மேலுதடு வெளுப்பாகத் தெரியும். மாடுகள் கூட அன்றைக்குத் தவிடு வைக்கப் போனால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வாய் வைக்கும் என்று அவர் மனைவி செந்தாமரை சொல்வாள்.

இந்த மலையில் தேன் எடுக்க ஒரு முறை இருக்கிறது. பாறையின் உச்சியில் கட்டிய கயிற்றைப் பிடித்து ஒருவன் இறங்குவான். மேலே உட்கார்ந்து கயிற்றைக் காக்கிறவன் அவனுடைய மச்சானாக, அதாவது மனைவியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். சொந்தத் தங்கை தாலி அறுக்க எந்த அண்ணனும் கயிற்றை விட மாட்டான் என்கிற நம்பிக்கை. ஆட்டத்தின் கதையில் ஒரு அண்ணன் விட்டுவிடுகிறான். தங்கை புருஷனின் கொல்லைமீது ஆசைப்பட்டு, கத்தியால் கயிற்றை அறுத்துவிடுகிறான். தேடிப் போன பெண்சாதிக்கு முதலில் தேன் பிடிக்கிற சுரைக்குடுக்கை உடைந்து கிடப்பது அகப்படுகிறது. பிறகு கயிற்றின் நுனி.

அந்த இடத்தில் கோபால்சாமி செய்வதைப் பார்க்கத்தான் நாலு மலை தாண்டி ஜனம் நடந்து வருகிறது. கயிற்று நுனியைக் கையில் எடுப்பார். மத்தளம் நின்றுவிடும். தேய்ந்து அறுந்த கயிறு என்றால் நார் பிரிந்திருக்கும். இது நறுக்கென்று இருக்கிறது. கட்டை விரலால் அந்த நுனியைத் தடவிப் பார்ப்பார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் செய்ய மாட்டார். தோள்கள் மட்டும் யாரோ பின்னாலிருந்து சுமையை இறக்கி வைத்ததுபோல் மெல்லக் கீழே இறங்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற பெண்கள் கூட அப்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்புறம் தேவராஜின் மத்தளம் வெடிக்க, அவர் சுற்ற ஆரம்பிப்பார். புழுதி இடுப்புவரை எழும்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வளையல் உடையும்.

"அழுவீங்களா, உண்மையிலேயே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஐயோ, அழுதா தாளம் போய்டும் டீச்சர். கண்ணு மையும் கரைஞ்சி உள்ள எரியும். நான் காலை எண்ணிகினு கீறேன். பாக்கறவங்கதான் அழுவணும்."

பெண் நடையை அவர் எங்கும் போய்க் கற்கவில்லை. பல வருஷம் செந்தாமரையின் பின்னால் கொல்லைக்குப் போய் வந்ததுதான். சின்ன வயதில் முள் ஏறிப் புரையோடிய வலது குதிகாலைக் கொஞ்சம் பதனமாக ஊன்றி நடப்பாள் அவள். தேன்காரன் பெண்சாதியும் அப்படியே நடப்பாள். "நான் ஒருத்தி நடந்தா போதாதா? ஊரு பூரா நடந்து காட்டறாரு" என்று அவளுக்குக் கோபம். ஆனால் புடவை அவளுடையதுதான். தாலி அறுக்கிற வேஷத்துக்கு மற்ற வீடுகளில் புடவை தர மாட்டார்கள். இவள் தருவாள்.

ஆட்டத்தின் முடிவில் தங்கை, அண்ணன்மேல் மூன்று பிடி மண் வாரித் தூற்றுவாள். ஒன்று புருஷனுக்காக. இரண்டாவது வயிற்றுப் பிள்ளைக்காக. மூன்றாவது, கூடப் பிறந்த பாவத்துக்காக. மூன்றாவது விழுந்ததும் உறவு முடிந்தது. இருட்டில் இதை ஆடுவதில்லை. மண் வாங்குகிறவன் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம்.

வேஷம் என்றாலும் மண் மண்தானே. அதனால் அண்ணன் வேஷக்காரன் குளிக்காமல், தலையில் மண்ணோடு நேராகக் கோபால்சாமி வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரி கையால் சோறு போட வேண்டும். அதைத் தின்ற பிறகுதான் மண்ணின் தோஷம் போகும். தின்னாத கை அந்த வருஷம் தேன் கயிற்றைத் தொடக்கூடாது.

பதினாலு வருஷமாக அண்ணன் வேஷம் கட்டுகிறவர் தங்கவேல். செந்தாமரையின் சொந்த அண்ணன். கோபால்சாமிக்குப் பாறை உச்சியில் கயிறு காக்கிறவரும் அவரே. பதினாலு வருஷமாகச் சோறு போடுவதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

போன தையில் வந்தது. தங்கவேல் தன் மகள் பாஞ்சாலியைச் செங்கத்தில் ஒரு பஸ் கண்டக்டருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். அவள் தொட்டிலில் கிடக்கும்போதே செந்தாமரையின் மகனுக்கு என்று பேசி வைத்திருந்த பெண். கல்யாணத்துக்கு செந்தாமரை போகவில்லை. "அந்த வூட்டுத் தண்ணி இனிமே என் தொண்டையில எறங்காது" என்று சொன்னதோடு சரி. அண்ணன் வருகிற வழியில் எதிர்ப்பட்டால் கொல்லைக்குள் இறங்கி நடப்பாள்.

சித்திரை வந்தது. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு, கோபால்சாமி வீட்டுப் பேச்சு வேலியைத் தாண்டிக் கேட்டது.

"பொடவ குடுக்கறேன். சோறு போட மாட்டேன்."

"மண்ணு தூத்தறது நான்தான? நீயா தூத்தற?"

"நடை என்து. பொடவ என்து. மண்ணு மட்டும் உன்துவா?"

கோபால்சாமி எழுந்துபோய், காலையில்தான் தண்ணீர் காட்டிய மாடுகளுக்கு மறுபடியும் தண்ணீர் காட்டினார்.

மறுநாள் என்னிடம் சொன்னார்: "தேன் போனா போவுது டீச்சர். ஒரு வருசம் எறங்காட்டி இன்னா? ஆனா மச்சான் தலையில மண்ணோட வந்து நின்னு, சோறு இல்லாம திரும்பிப் போனாருன்னா, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிகினு எங்க வூட்டுக்கு வருவாரு? இவளும் கூப்ட மாட்டா. ரெண்டும் ஒரே வயித்துக் கல்லு."

"இந்த வருஷம் ஆடாமல் விட்டுவிடுங்களேன்."

"தேவராஜிகிட்ட சொன்னேன். மண்ணு தூத்தாம வுட்டா மழை வராது, உம் மேலதான் பழின்றான்."

கடைசி நாள் காலை. கோயில் எதிரே நெல்லிமரத்தடியில் கூட்டம். செந்தாமரை வந்திருந்தாள், பெண்கள் பக்கத்தில், கடைசியில். புடவை வேலிமேல் மடித்து வைத்திருந்ததாம். கையில் கொடுக்கவில்லையாம்.

அன்றைக்குக் கோபால்சாமி ஆடியதுபோல் நான் பார்த்ததில்லை. கயிற்று நுனியைத் தடவிவிட்டு நிமிர்ந்தவர், அண்ணனைத் தேடுகிற இடத்தில் வழக்கமாக ஒரு அடி முன்னால் வைப்பார். அன்று வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். பார்க்க வேண்டாம் என்பதுபோல் முந்தானையால் முகத்தை மூடி, மூடிய முகத்தோடேயே சுற்றினார். பச்சைக் கண்ணாடி நாலு பக்கமும் தெறித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைச் சிந்தி, "பாவி, கொல்றானே" என்றாள். எதிரே சிவப்புத் தலைப்பாகையும் மீசைக் கறுப்புமாக நின்ற தங்கவேல், நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் தலை குனிந்துவிட்டார். அது வேஷமில்லை.

முதல் பிடி மண் அவர் மார்பில் விழுந்தது. "எம் புருசனுக்கு!" இரண்டாவது தலையில். "எம் புள்ளைக்கு!"

அப்போது செந்தாமரை எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வலது குதிகாலைப் பதனமாக ஊன்றி, மேட்டுப் பாதையில் ஏறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே நடையை முன்னாலும் தூரத்திலும் ஒரே சமயத்தில் கூட்டம் பார்த்தது. தங்கவேலின் தோளுக்கு மேலாகக் கோபால்சாமியும் பார்த்தார்.

குனிந்து மூன்றாவது பிடியை அள்ளினார். தேவராஜ் மத்தளத்தை உருட்டிவிட்டுக் காத்திருந்தார். கை ஓங்கியது. ஓங்கியபடி நின்றது.

"தூத்து! தூத்தும்மா!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

காலை எண்ணுகிற மனிதர் அன்றைக்கு எண்ணிக்கையை விட்டுவிட்டார். ஆட்டத்தில் இல்லாத ஒரு சுற்று சுற்றினார். அரையாக, தடுமாறி, வண்டிச் சக்கரம் கழன்றதுபோல். நின்றபோது கை வெறுங்கை. முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. தேவராஜ் ஒரு கணம் பார்த்தார். பிறகு மூன்றாவது பிடிக்கான அடியை அடித்து முடித்தார். கோபால்சாமி தரையில் விழ, ஆட்டம் முடிந்தது.

"ரெண்டா, மூணா?" என்று ஆண்கள் பக்கம் சச்சரவு.

"தாளம் மூணு அடிச்சேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்று தேவராஜ் மத்தளத்தைத் துணியில் சுற்றினார்.

மேட்டுப் பாதையில் கோபால்சாமி முன்னால், வேஷம் கலைக்காமல். பத்தடி பின்னால் தலையில் மண்ணோடு தங்கவேல். அதே வழியில்தான் நானும் போக வேண்டும்.

"வாணாம் மச்சான். நான் இப்டியே போய்ட்றேன்."

"வாசல் வரைக்கும் வா."

"அவ கதவ சாத்திட்டா?"

"சாத்தின கதவையும் பாத்துட்டுப் போ."

திருப்பத்தில் கோபால்சாமி நின்றுவிட்டார். கூரைக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது.

வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. உள்ளே தைத்த மந்தாரை இலை இரண்டு. செந்தாமரை அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். என்னையும், "நின்னுகினே கீறீங்களே டீச்சர், குந்துங்க" என்று உட்கார வைத்தாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை இல்லை. சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் இலையில் விழுந்தன. தங்கவேல் நாலு வாய் தின்றுவிட்டு, "போதும்" என்று இலைக்கு மேலே கையை விரித்தார். அவள் கரண்டிக் காம்பால் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள்.

"கன்னம் ஒட்டிப் போயி கீது. துன்னச் சொல்லு" என்றாள், புருஷனிடம்.

"துன்னச் சொல்றா" என்றார் கோபால்சாமி. பொட்டு வழிந்த முகமும் வாய் நிறையச் சோறுமாக.

கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தே: "பாஞ்சாலிக்கு நாளு தள்ளிப் போயி கீதாமே. நெசமான்னு கேளு."

"நெசந்தான்னு சொல்லு மச்சான்" என்றார் தங்கவேல்.

"நெசந்தானாம்."

அவள் குழம்புச் சட்டியையே எடுத்து வந்து அண்ணன் இலைப் பக்கத்தில் வைத்தாள்.

தங்கவேல் கை கழுவினார். "அமாவாசை களிச்சி வர்றேன், கயித்த நனைச்சி வை" என்று கோபால்சாமியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செந்தாமரை இலைகளை எடுத்தாள். "பொடவைய அவுத்துக் குடு, ஊற வெக்கணும். மண்ணும் மையும், எப்டி பண்ணி வச்சிகீற பாரு."

"தோ வர்றேன்."

கோபால்சாமி வீட்டுக்குப் பின்னால் போனார். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் வளர்ந்த சுரைக்கொடி ஒன்று அங்கே வேலியில் ஏறியிருந்தது. முந்தானை முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். உள்ளேயிருந்த ஒரு பிடி மண்ணைக் கொடியின் வேரில் கொட்டினார். வளையல் கீறிய கையால் அதைச் சுற்றி அணைத்துத் தட்டிவிட்டு, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.