என் நம்பரில் அவர் விற்ற வயல்

போன செவ்வாய்க்கிழமை காலை, தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

"அக்கா, நீங்கதான ரியல் எஸ்டேட் ஏஜென்ட்? உங்க பிளாட்டுலதான் நிக்கேன். எப்ப வருவீக?"

என் பிளாட்டா? எனக்கு இருப்பது தென்காசியில் ஒரே ஒரு வீடு. அதிலும் பாதி மாமியாருடையது.

பேசியவர் ரஹ்மத். வடகரைக்காரர். கணவர் சவுதியில் டிரைவர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் 'அருவி வியூ மனைகள்' என்று ஒரு ப்ளெக்ஸ் போர்டைப் பார்த்திருக்கிறார். கீழே ஏஜென்ட்டின் அரசுப் பதிவு எண். விவரமான பெண்... எண்ணை அரசு வெப்சைட்டில் தட்டிப் பார்த்தால், என் பெயரும் போன் நம்பரும் வந்திருக்கின்றன.

"பொம்பள பேரு வந்ததும் சவுதியில இருக்க எங்க மாப்ளைக்கும் தைரியம் வந்துட்டு. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் குடுத்துரலாம்னு சொல்லுதாக."

"குடுக்காதீங்கம்மா. நான் வாரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தப் பதிவு நம்பரை வாங்க நான் பட்ட பாட்டை இந்தப் பக்கத்திலேயே புலம்பியிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஆண்கள் பாதிப் பேர் வளைகுடாவில். இடம் பார்ப்பது, பத்திரம் பார்ப்பது எல்லாம் பெண்கள் தலையில். புரோக்கர்களோ, எதிரே நிற்கிற பெண்ணை விட்டுவிட்டு வீடியோ காலில் இருக்கிற ஆணிடம்தான் பேசுவார்கள். அந்தப் பெண்களுக்கென்று ஒருத்தி இருக்கட்டுமே என்றுதான், டீச்சர் வேலையை விட்டதும் விண்ணப்பித்தேன். கரண்ட் பில் மாமனார் பெயரில். ஒரு அட்டையில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். திருப்பி அனுப்பினார்கள், மறுபடி அனுப்பினேன். நாலு மாதம்.

"இதெல்லாம் என்னத்துக்குட்டி? இங்கன யாரு நம்பர் கேக்கா? நான் இருவது வருசமா ஒரு காயிதம் இல்லாமத்தான் ஓட்டுதேன்" என்று சிரித்தவர் ஒரு புரோக்கர். ஊருக்கு அண்ணாச்சி, எனக்குச் சித்தப்பா முறை. சர்டிபிகேட் வந்த அன்று அல்வாவோடு வந்தவரும் அவர்தான். சுவரில் மாட்டியிருந்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பெருமையில் எடுக்கிறார் என்று நினைத்தேன் பாருங்கள்... என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போய் இறங்கினால் — வயல். போன போகம் வரைக்கும் நெல் விளைந்த நஞ்சை. மேலே செம்மண்ணைக் கொட்டி வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். சாரல் தூறியது, பின்னால் மலையில் மேகம். சவுதியிலிருந்து போனில் பார்க்கிறவருக்குச் சொர்க்கமாகத்தான் தெரியும். இங்கே என் செருப்பு சேற்றில் புதைந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அப்ரூவலும் இல்லை. அப்ரூவல் இல்லாத மனையைப் பதிவுபெற்ற ஏஜென்ட் தொடவே கூடாது.

மனை காட்ட அண்ணாச்சி குடையோடு வந்தார்.

"என் நம்பர் எப்படி இந்த போர்டுக்கு வந்துச்சு, சித்தப்பா?"

"நம்ம பிள்ள நம்பர்தானட்டி. சும்மாதான செவுத்துல தொங்குது. நம்பர் போட்டாத்தான் பொம்பளையாளுக நம்பி வாராக. உனக்கும் கமிஷன் உண்டு."

கவனித்தீர்களா? மறைக்கவில்லை, வெட்கப்படவில்லை. பக்கத்து வீட்டில் ஏணி வாங்குவதுபோல் வாங்கியிருக்கிறார். ஏணியையாவது கேட்டுத்தானே எடுப்போம்? சொந்தத்துக்குள் என்றால் எதற்கும் திருட்டு என்று பெயர் கிடையாது நமக்கு. ஒருவர் படித்து வாங்கிய சர்டிபிகேட்டில் மச்சான் மருந்துக்கடை நடத்துவார். கேட்டால், 'ஒரு அட்ஜஸ்ட்மென்ட்'. படித்தவருக்கும் அதில் சம்மதம்தான். எனக்கு இல்லை.

ரஹ்மத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாவே உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றார் மெதுவாக.

நான் யாருக்காக அந்த நம்பரை வாங்கினேனோ, அவர் கேட்கிறார் இப்படி. நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் தலைக்கேறியது.

சாயங்காலமே போர்டு போய்விட்டது. "எடுத்தாச்சுல்லா, இத்தோட விடு" என்று அண்ணாச்சி போன் செய்தார். விட்டிருப்பேனோ என்னவோ. வியாழக்கிழமை ரஹ்மத் கூப்பிட்டார்.

"அக்கா, எங்க தெருவுல ரெண்டு பேரு போன மாசமே அட்வான்ஸ் குடுத்துட்டாகளாம். உங்க பேரப் பாத்துத்தான் குடுத்தாகளாம்."

அன்றைக்கே வடகரை போனேன். ஒருவர் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். இன்னொருவர் வாசலில் நிற்க வைத்தே பேசினார். "நீங்கதான அந்தப் பேரு?" என்று மட்டும் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பெண்களும் நானுமாக மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு போலீஸில் புகார் கொடுத்துவிட்டோம். விசாரணையில் என் பதிவையே நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள். வைக்கட்டும். நாலு மாதம் அலைந்தவள், இன்னும் நாலு மாதம் அலைகிறேன்.

அன்று முதல் சொந்தக்காரர்களின் போன் ஓயவில்லை. "ஒரு நம்பருக்காக ரத்த சொந்தத்த விடுவியா?" என்று ஒரே பாட்டு. அண்ணாச்சி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எனக்குப் பத்திரிகை கிடையாதாம், சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்த இரண்டு பெண்களின் அட்வான்ஸ் திரும்பி வருகிற வரைக்கும், அந்தக் கல்யாணச் சாப்பாடு எனக்குத் தொண்டையில் இறங்கவும் இறங்காது.