பிரிக்காத சிவப்புக் கவர்

வீட்டுக்கு முதல்முதலாக வந்த மாப்பிள்ளை, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்ததும் கேட்டது வெந்நீர். பங்குனி மாதம், காலை பத்து மணிக்கே காக்கா கூட நிழல் தேடுகிற வெயில். நான் அவருக்காக இளநீரை ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று எடுத்து வந்திருந்தேன். அவர் கையிலிருந்த போனில் ஏதோ பேசினார். போன் தமிழில், "எனக்குச் சூடான தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது.

"ஐயையோ, ஜொரமா?" என்று பதறி எழுந்தேன். என் வீட்டுக்காரர் கையமர்த்தினார். "அவங்க ஊர்ல அப்படித்தாம்மே. எந்நேரமும் சுடுதண்ணிதான் குடிப்பாங்களாம். பொண்ணு சொல்லிச்சே."

சொல்லியிருக்கும். என் மகள் சொல்வதை நான் முழுசாகக் கேட்டால்தானே!

மாப்பிள்ளை சீனாக்காரர். என் மகள் அங்கே படிக்கப் போனாள், வேலை கிடைத்தது, கூடவே இவரும் கிடைத்தார். கல்யாணத்தை நாங்கள் பாகூரில் இதே கூடத்தில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தோம். ஒன்றரை வருஷம் ஆகிறது. கம்பெனி வேலையாகச் சென்னைக்கு வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுப் போக ஒரு நாள் லீவு போட்டு, வாடகைக் காரில் தனியாக வந்திருந்தார். மகள் வரவில்லை. அவளுக்கு ஆறாம் மாதம்.

அந்த ஆறாம் மாதம்தான் என் வயிற்றெரிச்சல். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். என் அம்மா எனக்குப் பார்த்தாள், நான் என் மகளுக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஏழு மாதம் முடிந்துவிட்டால் பிளேனில் ஏற்ற யோசிப்பார்களாம், அதற்குள் கூட்டி வந்துவிட வேண்டும். அரியூர் பக்கம் ஆஸ்பத்திரி கூட விசாரித்து வைத்துவிட்டேன். ஆனால் மாப்பிள்ளை ஊர்ப் பழக்கம் தலைகீழ். கட்டிக்கொடுத்த பெண் தாய் வீட்டில் பிள்ளை பெறக் கூடாதாம், அந்த வீட்டுக்கு ஆகாதாம். பெற்ற பிறகு ஒரு மாதம் மாமியார்தான் அறையோடு வைத்துப் பார்ப்பாராம்.

"எம் வூட்டுக்கு ஆவாதுன்னு சொல்ல அவங்க யாருடி?" என்று மகளிடம் கத்திவிட்டுப் போனை வைத்தேன். அது முதல் சண்டை. அதன்பின் இரண்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு சண்டை. அவள், "அம்மா, நான் சொல்றத முழுசா கேளும்மா" என்று ஆரம்பிப்பாள், நான் பாதியில் வைத்துவிடுவேன். என் வாய் அப்படி. என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக அதோடு குடித்தனம் செய்கிறார்.

அதனால் அன்றைக்கு மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். வந்த உடனே கேட்டால் மரியாதையில்லை, சாப்பிட வைத்துக் கேட்போம்.

வெந்நீரைக் குடித்து முடித்ததும் அவர் எழுந்து நின்றார். பையிலிருந்து ஒரு சிவப்புக் கவரை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து என்னிடம் நீட்டினார். அந்த ஊரில் பணத்தைச் சிவப்புக் கவரில் போட்டுத்தான் கொடுப்பார்கள் என்று மகள் கல்யாணத்தின்போது சொன்னது நினைவு வந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் பெண்ணை அங்கேயே வைத்துக்கொள்ள எனக்குப் பணமா? வீடு தேடி வந்த மாப்பிள்ளை நீட்டியதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வாங்கினேன். வாங்கிய கையோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்து, அதன் மேல் மாத்திரை டப்பாவைத் தூக்கி வைத்தேன். பிரிக்கவில்லை.

பிரித்துப் பாருங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொடுத்தவர் எதிரில் பிரிப்பது அவர்கள் ஊரில் அழகில்லையாம், பிரிக்கச் சொல்லிக் கொடுத்தவரே கேட்பது அதைவிட மோசமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று முழுக்க மனுஷர் ஃபிரிட்ஜைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். பாவம், பசி போலிருக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நான் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து திராட்சை, மாதுளை, பால்கோவா என்று எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். அவரும் மறுக்காமல் எல்லாவற்றையும் தின்றார்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் என் வீட்டுக்காரர் அவரைக் கரும்புக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். இவருக்குச் சீன மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, போனில் டவரும் கிடைக்காது. இரண்டு பேரும் மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, ஆளுக்கொரு கரும்பைக் கடித்துக்கொண்டு திரும்பினார்கள். "நல்ல புள்ளம்மே. தொணதொணங்கல" என்றார் என் வீட்டுக்காரர். யாரைக் குத்துகிறார் என்று தெரியாதா எனக்கு?

மத்தியானம் ஏரி விரால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். எங்கள் மாதிரியே கையால் பிசைந்து சாப்பிட்டார். மீன் தலையை அவரே கேட்டு வாங்கினார். அவர் தின்று வைத்த முள்ளைப் பார்த்தால் பூனைக்கு அழுகை வந்திருக்கும், அவ்வளவு சுத்தம். ஒரு மனுஷன் நம் சமையலை இப்படிச் சாப்பிடும்போது அவர்மேல் எவ்வளவு நேரம்தான் கோபத்தைப் பிடித்து வைப்பது? சொல்லுங்கள். இன்னும் இரண்டு துண்டு வைத்தேன்.

சாப்பிட்டதும் மொட்டை மாடிக்கு வந்தார். அங்கே முறத்தில் சுக்கும் திப்பிலியும் காயப்போட்டிருந்தேன், மகளுக்குப் பிரசவ லேகியம் கிளற. அவர் ஒரு துண்டு சுக்கை எடுத்து முகர்ந்தார், முகம் மலர்ந்துவிட்டது. போனில் ஒரு படம் காட்டினார். ஒரு முற்றம், பெரிய மூங்கில் தட்டு, அதில் வரிசையாக அரிந்து காயப்போட்ட இஞ்சி. பக்கத்தில் குட்டை முடியோடு ஒரு அம்மாள். என் சம்பந்தி. ஓகோ, என் பெண்ணின் பிரசவத்துக்கு அங்கேயும் கடை விரித்தாயிற்றா! ஆறிக்கொண்டிருந்த என் கோபம் மறுபடியும் பற்றிக்கொண்டது.

கீழே வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தவருக்கு வெந்நீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் போனை வாங்கி, வாயருகில் பிடித்து, "எம் பொண்ண எப்ப அனுப்புவீங்க, மாப்ள?" என்றேன். போன் அதைச் சீனத்தில் சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. போனில் மெல்ல ஏதோ சொன்னார்.

"அம்மா எழுதியிருக்கிறார்" என்றது போன்.

"எந்த அம்மா? எங்க எழுதிக்கீறாங்க?" என்று நான் குரலை உயர்த்த, அவர் மறுபடியும் ஃபிரிட்ஜைப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்குத்தான் விளங்கியது.

"ஏம்மே, காலையில குடுத்தாரே, அந்தக் கவர எடு. பச்சப்புள்ள வெளாட்டு சாமானப் பாக்கற மாதிரி நாள் பூரா அதையேதான் பாத்துக்கினு கீறாரு."

எடுத்துப் பிரித்தேன். பணம் இல்லை. ஒரு தாள் முழுக்கச் சீன எழுத்து, இன்னொன்றில் என் மகளின் கோழிக் கிறுக்கலில் அதற்குத் தமிழ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"அக்கா, நான் இவனைப் பெற்றபோது என் அம்மா வீடு ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தது. அங்கே போகக் கூடாது என்றார்கள். அம்மாவை இங்கே வரவழைக்க என் மாமியாருக்கு மனம் இல்லை. ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உங்கள் மகள் என் வீட்டில் அப்படி அழக் கூடாது. பழக்கத்தை மீற எனக்குத் தைரியம் இல்லை, எங்கள் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் வரக் கூடாது என்று எந்தப் பழக்கமும் சொல்லவில்லை. வந்து மூன்று மாதம் இருங்கள். அடுப்படியை உங்களுக்கு விட்டுத் தருகிறேன். உங்களை நேரில் அழைக்கத்தான் சென்னைக்கு வரும் என் மகனை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன்."

அடுப்படியை விட்டுத் தருகிறேன் என்று ஒரு பெண்பிள்ளை இன்னொருத்திக்கு எழுதுவது லேசா? நான் எழுதியிருப்பேனா? சத்தியமாக மாட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதேன். மாப்பிள்ளை அடுப்படிக்குள் போய் அவரே ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். எனக்கு ஜுரம் ஒன்றும் இல்லை. வாங்கிக் குடித்தேன்.

"பாஸ்போர்ட் பீரோவுல சும்மாதான் தூங்குது. போய்ட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு நானே ஆக்கிக்கிறேன்." இதுவரை ஒரு டீ போட்டதில்லை அந்த மகராசன்.

மாப்பிள்ளை மகளுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அவள் முகம் தெரிந்ததுமே, "ஏண்டி, இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"நீ எங்கம்மா பேசவுட்ட?" என்றாள். "அதான் எழுதி அனுப்பனேன்."

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சரி. இப்ப சொல்லு. நான் வாயே தொறக்கல."

அவள் உதடு கோணுவதைப் பார்த்தேன். சின்ன வயசில் ஊசி போடக் கூட்டிப்போனால் அப்படித்தான் கோணும்.

"பயமா இருக்குதும்மா" என்றாள். "நீ வந்துடு."

இரண்டு மாதமாக அவள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.