கெல்லருக்குள் மூன்று மெழுகுதிரிகள்

ஊஊஊ… என்று சைரன் ஊளையிட்டது. பகல் 11.47.

இது உண்மையாகவே நடந்தது. கலாதேவியின் உள்ளங்கைத் தீக்காயத்தை ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்குப் போய் யாரும் பார்க்கலாம்.

இரவு வேலை முடித்து வந்து அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள் அவள். அடுத்த தெருவில் கட்டட வேலைக்குக் கிடங்கு வெட்டியபோது வெடிக்காத உலகப்போர்க் குண்டு ஒன்று அகப்பட்டதும், பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனதும் அவளுக்குத் தெரியாது. சைரன் மட்டும் கேட்டது. 2009இல் வன்னியில் ஷெல்லடிக்கு நடுவே பங்கருக்குள் பாய்ந்து தப்பியவள் அவள். வெளியே நின்ற தங்கையின் ஒரு காலைத்தான் புதைக்கக் கிடைத்தது. ஆபத்து என்றால் கீழே ஓடு. உடம்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாலு வயது மகள் மிதுசாவை அள்ளிக்கொண்டு, கட்டடத்தின் நிலவறைக்கு, கெல்லருக்கு, இறங்கினாள்.

கீழே ஆட்கள் இருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். ஈரப் போர்வை போர்த்திக்கொண்டு சுவரோரமாக நெருங்கியிருந்தார்கள். ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். கலாதேவிக்கு ஆறுதலாக இருந்தது.

மின்விளக்கு இல்லை. மூன்று மெழுகுதிரிகள். தரையில் ஒன்று, ஸ்டூலில் ஒன்று, தலையுயரத் தட்டில் ஒன்று. ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்?

12.05. தரையிலிருந்த திரி தானாக அணைந்தது. உடனே தாய்மார் எழுந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கினார்கள்.

அப்போதுதான் புரிந்தது. கீழே காற்று முடிந்துவிட்டது.

சுவரில் கை வைத்தாள். சூட்டில் தோல் ஒட்டிக்கொண்டது.

12.11. இரண்டாவது திரி…

பிறகு அவர்கள் மனிதர்களாக இல்லை. விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு கதவில் மோதினார்கள். காலடியில் எலும்பு முறிந்தது. நகம் பிய்ந்த விரல்கள் செங்கல்லைச் சுரண்டின. மயிர் கருகும் நாற்றம். ஒருவன் கோடாலியால் பக்கச் சுவரை அடித்தான்.

டொம்… டொம்… டொம்…

ஓட்டை விழுந்தது. ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு.

இடம் கொடுத்தவள் மிதுசாவைப் பறித்தாள்.

"விடுங்கோ… என்ர பிள்ளை…"

தலைகளுக்கு மேலே, கை மாறிக் கை மாறி…

ஓட்டைக்குள்…

இருட்டு.

வீடு வீடாகச் சோதித்து வந்த தீயணைப்பு வீரர்கள் 1.26க்கு அவளைத் தட்டி எழுப்பினார்கள். சைக்கிள்கள், பழைய பெட்டிகள். வேறு யாருமில்லை. சுவரில் கீறல்கூட இல்லை. மிதுசாவும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கெல்லரில், வெளியே பூட்டியிருந்த கதவுக்குப் பின்னால் பிள்ளை கிடைத்தாள். அழவில்லை. சட்டையெங்கும் கரிக் கைத்தடங்கள்.

மறுவாரம் கணவன் வாசுதேவன் நகர ஆவணக் காப்பகத்தில் போய் விசாரித்தான். டோர்ட்மண்ட் இருக்கும் ரூர் பகுதி மீது இரண்டு வருடம் நடந்த குண்டுவீச்சின் கடைசி மாதம், 1945 மார்ச்சில், கலாதேவி இறங்கிய அதே கெல்லரில் நாற்பத்தொரு பேர் இறந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. தூங்கும் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிள்ளையளை மட்டும் அந்த ஓட்டையால அங்கால அனுப்பினவையாம், கலா… அங்கால இதைவிடப் பெரிய நெருப்பாம். ஒரு பிள்ளையும் தப்பேல்லையாம்."