கட்டைவிரல் சுண்ணாம்பு

சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் வீராசாமிக்கு ஒரு பேர் உண்டு. பட்டு நூல் கழிகளைக் கம்பில் மாட்டி, கொதிக்கிற அண்டாவில் முக்கித் திருப்ப ஆரம்பித்தால், நிறம் ஏறி முடியும்வரை ஆள் நகரமாட்டார். நடுவில் விட்டுப் போனால் நூல் திட்டுத்திட்டாகிவிடும். ஒன்றுக்குப் போக நகர நேருமே என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தொடமாட்டார். கூட வேலை செய்கிறவர்களும் அப்படித்தான். அது முட்டாள்தனம் என்று ஒருத்தராவது சொல்லியிருக்க வேண்டும். மெச்சிக்கொள்ளத்தான் ஆள் இருந்தது.

முன்பெல்லாம் கத்திரி வெயிலோடு நீர்க்கடுப்பும் வரும். "சூடு பிடிச்சிக்கிச்சிமா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். மனைவி கங்கையம்மாள் அவருடைய இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் சுண்ணாம்பைத் தடவி, ஒரு சொம்பு மோர் கொடுப்பாள். மறுநாள் எல்லாம் சரியாகிவிடும். வேலை செய்தது மோர். பேர் வாங்கிக்கொண்டது சுண்ணாம்பு.

அப்புறம் வெயில் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. மாசியிலேயே வந்து உட்கார்ந்தது, புரட்டாசியிலும் எழுந்து போகிற வழியைக் காணோம். ராத்திரியில்கூட வீட்டுச் சுவர் கொதித்தது. பட்டறைத் தகரக் கூரையின்கீழ் வீராசாமி தொப்பலாக நனைந்து நின்றார். உடம்பிலிருந்த நீரெல்லாம் வேர்வையாகவே போயிற்று. சிறுநீர் கொஞ்சமாக, டிக்காஷன் நிறத்தில் வந்தது. கால் வீங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமாயா?" என்று கங்கையம்மாள் ஒருமுறை கேட்டாள்.

"சூட்டுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? சிரிப்பாங்கமா. சுண்ணாம்ப எடு."

அவளும் எடுத்தாள். அன்றைக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம் என்று இன்றுவரை அவள் மனம் அடித்துக்கொள்கிறது.

போன பங்குனியில் அவர் அண்டா பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாக ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்.

"வெறும் சூடுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்மா" என்றாள் கங்கையம்மாள்.

"சூடுதாம்மா. நீங்க நெனச்சது தப்பில்ல. முன்ன அது வந்துட்டுப் போயிடும், உடம்பு தேறிக்கும். இப்ப போறதே இல்ல. அந்த வெயில்ல தண்ணி குடிக்காம நின்னு நின்னு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போச்சி."

இப்போது வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். மிச்ச நாள் வீட்டில் நாற்காலி. பட்டறையில் வேறொருவர் கம்பு பிடிக்கிறார். தண்ணீர் குடிக்க ஆசைப்பட்டாலும் இனி முடியாது; குடித்தது வெளியேற வழியில்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் கணக்கு. மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். பிறகு நாக்கு ஒட்டிக்கொள்ள, வாசல் வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அவரைப் பார்க்க வைத்துக்கொண்டு குடிக்க கங்கையம்மாளுக்கு மனம் வரவில்லை. வாசலில் இட்லி விற்க அடுப்பின் முன்னால் பகலெல்லாம் வேகிறவள், தொண்டை காய்ந்தாலும் சொம்பைத் தொடாமல் இருந்தாள். சித்திரையில் ஒருநாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், மாடத்திலிருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்தாள்.

வீராசாமி பார்த்துவிட்டார். எழுந்துவந்து டப்பாவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். தட்டுத்தடுமாறிப் போய், குடத்திலிருந்து சொம்பு நிறைய மொண்டுவந்து நீட்டினார்.

"குடி. என் எதிர்லியே குடி."

அவள் அழுதுகொண்டே குடித்தாள். சொம்பு காலியாகும்வரை அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.