சீனி போடாத டீயும் இன்ஷூரன்ஸ் ஃபார்மும்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று இரண்டு வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். இரண்டே பேர்தானா என்று கேட்காதீர்கள். எனக்கு அதுவே பெரிய கூட்டம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். சனிக்கிழமை காலை அடிவயிற்றில் பிடித்த வலி, அரியலூரிலிருந்து காரில் போய்ச் சேருவதற்குள் பாதி உயிரை வாங்கிவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். "அப்பெண்டிக்ஸ். இன்னிக்கே எடுத்துடணும்" என்றார்.

என் மனைவி கலா ஆபரேஷனைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"டாக்டர், இது சுகரால வந்ததுங்களா?"

"இல்லம்மா. இதுக்கும் சுகருக்கும் சம்பந்தமே கெடையாது."

"அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். புருஷனுக்கு ஆபரேஷன் என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட பெண்மணியை அந்த டாக்டர் முதல் முறையாகப் பார்த்திருப்பார். அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டீ.

ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய கதை. எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் மஞ்சள் காமாலையில் விழுந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிலத்தை விற்றுவிட்டுத்தான் எழுந்தார். நானும் அதே தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். செந்துறைப் பக்கம் முக்கால் ஏக்கர் முந்திரிக் கொல்லை, மகள் படிப்புக்கென்று வைத்திருப்பது... எனக்கு ஏதாவது ஆனால் அதுதான் போகும். அன்று இரவே முடிவு செய்தேன், மெடிக்ளெய்ம் எடுத்துவிடுவதென்று.

எடுப்பது அவ்வளவு சுலபமா? எனக்குச் சர்க்கரை வந்து அப்போதே நாலு வருஷம். திருச்சி ஏஜென்ட் ஒருவர் போனில் அரை மணி நேரம் தேனாகப் பேசினார். "சுகர் இருக்குங்க" என்றேன். "அப்புறம் கூப்பிடறேன் சார்" என்றார். இன்னும் கூப்பிடவில்லை.

கடைசியில் கலாவின் தம்பி செல்வம் கை கொடுத்தான். அவனும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்தான். சொந்த மச்சினன் வேறு.

"மாமா, சுகர்னு ஒரு வார்த்தை எழுதுனீங்க, தூக்கிப் போட்டுருவாங்க. இல்லைன்னு எழுதுங்க. ஒங்களுக்கு நாப்பத்தஞ்சு முடியல, டெஸ்ட்டும் கெடையாது. யாருக்குத் தெரியப் போவுது?"

பரீட்சையில் பார்த்து எழுதினால் பேப்பரைப் பிடுங்குகிற வாத்தியார் நான். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே, கை நடுங்காமல் 'இல்லை' என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் எங்கள் பள்ளிக்கு எதிர் மாடியில். மேனேஜர் ஒரு அம்மா. ஃபார்மை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, மரியாதைக்கு டீ சொன்னார். அந்தத் தெருவுக்கே டீ வருவது ஒரே கடையிலிருந்துதான். கடைக்கார ரெங்கசாமியே கம்பிக் கூடையில் மூன்று கிளாஸோடு படியேறி வந்தார். முதல் கிளாஸ் மேனேஜருக்கு, இரண்டாவது செல்வத்துக்கு. மூன்றாவதை என் பக்கம் நகர்த்தினார்.

"சார், இது ஒங்களுது. சீனி போடல. போன மாசம் சுகர் எரநூத்தி நாப்பதுன்னீங்களே, இப்பப் பரவால்லீங்களா?"

செல்வம் மின்விசிறியைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். மேனேஜர் ஃபார்மைப் பார்த்தார்.

திட்டவில்லை அந்த அம்மா. டிராயரைத் திறந்து புது ஃபார்ம் ஒன்றை எடுத்து நீட்டினார். "சார், இருக்குன்னே எழுதுங்க. சுகருக்கும் அதனால வர்றதுக்கும் நாங்க தர மாட்டோம். மத்ததுக்குத் தருவோம். இல்லைன்னு எழுதிட்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுல சுகர்னு இருந்துச்சுன்னா... எதுக்குமே வராது."

டாக்டர் ரிப்போர்ட்டெல்லாம் வாங்கி, மேலாபீஸுக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்துப் பாலிசி வந்தது. சர்க்கரையும் அது சார்ந்த நோய்களும் நீங்கலாக என்று ஒரு வரி டைப் அடித்திருந்தார்கள். ஓட்டைக் குடைதான். ஆனாலும் மழை பூராவும் ஓட்டை வழியாகவேவா பெய்யும்?

இப்போது கலாவின் அப்பாடா புரிகிறதா? வந்த நோய் ஓட்டைக்குள் விழவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் முதல் வரியே 'ஐந்தரை வருடமாகச் சர்க்கரை நோய்' என்றுதான் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஃபேக்ஸ் வந்தது: சர்க்கரை இருப்பது விண்ணப்பத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளதா? செல்வம் அதைப் படித்துவிட்டு என் கட்டிலோரம் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, அன்னிக்கு மட்டும் அந்த டீ வரலன்னா..."

"கொல்லை போயிருக்கும்டா" என்றேன். தையல் வலித்தது. சிரிப்பும் வந்தது.

ஃபார்மின் நகலை அனுப்பினோம். மறுநாள் பணம் தர அனுமதி வந்துவிட்டது. கலா வார்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சிலிருந்து பெரிய கல் ஒன்றை எடுத்தாற்போல் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டீ கொண்டுவந்த அன்று எனக்கு ரெங்கசாமி மேல் அப்படிக் கோபம். ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் வேறு கடையில் டீ குடித்தேன். தன் மேல் என்ன தப்பு என்று அந்த மனிதர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

நேற்று பள்ளிக்குத் திரும்பினேன். முதல் வேலையாக அவர் கடைக்குத்தான் போனேன். பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சாமே சார். மனசுக்குச் சந்தோஷம். இன்னிக்கு ஒரு நாளைக்கு அரை ஸ்பூன் சீனி போடட்டுங்களா?"

"வேணாம் ரெங்கசாமி. ஃபார்ம்ல எழுதிக் குடுத்தாச்சு."